அக்கா ஊரில் வராத ஆசை சொந்த ஊரில் ஏன் வந்தது?

வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 39. மேற்கு மாவட்டம் ஒன்றில் விசைத்தறிப் பட்டறை மேஸ்திரி. மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். 13 வருடக் குடி. கடைசி நான்கு வருடம் தினமும். ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் தானே நிறுத்திப் பார்த்து, இரண்டாம் நாள் வலிப்பு வந்திருக்கிறது. அதன் பிறகு குடும்பத்தார் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் 45 நாள் சேர்த்தார்கள். அங்கிருந்து நேராக வேறு மாவட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவர், அக்கா வீட்டுக்காரரின் மளிகைக் கடையில் ஆறு மாதம் வேலை பார்த்தார். “அந்த ஆறு மாசமும் குடி நினைப்பே வரல டாக்டர். அந்த ஊர்லயும் டாஸ்மாக் இருக்கு, அதத் தாண்டித்தான் தினமும் போவேன். ஒண்ணும் தோணாது. சரி, இதோட தலைமுழுகியாச்சுன்னு நெனச்சேன்” என்கிறார்.

பழைய முதலாளி கூப்பிட்டதும் சொந்த ஊருக்குத் திரும்பினார். முதல் இரண்டு சனிக்கிழமை எதுவும் ஆகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நாளெல்லாம் காதை அடைத்த சத்தம் ஓய்ந்து பட்டறை அமைதியான அந்த நேரத்தில் வாயில் எச்சில் ஊறியதாம். கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு வெளியே வந்தவர், கால் போன பக்கம் நடந்திருக்கிறார். வழியில் எப்போதும் வாங்கும் சுண்டல் வண்டி. சூடான பொட்டலம் கைக்கு வந்தபோதுதான் எங்கே போகிறோம் என்பதே உறைத்திருக்கிறது. “அப்பவும் திரும்பியிருக்கலாம். திரும்பல.” அன்று ஒரு கட்டிங். மறுநாள் குவாட்டர். கடிதம் எழுதும்போது பத்து நாளாகத் தினமும் குடிக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? 45 நாளும் ஆறு மாதமும் வீண்தானா? 90 நாள் குடிக்காமல் இருந்தால் மூளை ‘ரீசெட்’ ஆகிவிடும் என்று யூடியூபில் சொன்னார்களே, அது பொய்யா? தினமும் கடைவாசலில் போய் நின்று, குடிக்காமல் திரும்பிப் பழகினால் ஆசை செத்துவிடாதா? மாமியார் சாப்பாட்டில் கலக்க ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார்; தம்பி அந்த மையத்திலிருந்து ஆள் வரவழைத்துத் தூக்கிப்போகச் சொல்லப்போவதாகச் சொல்கிறான்; இதெல்லாம் சரியா? வீட்டை விற்றுவிட்டு அக்கா ஊருக்கே போய்விடலாமா? கடைசியாக, பேச்சை நிறுத்திவிட்ட மனைவியிடம் என்ன சொல்வது?

நண்பரே, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் அவசரமான ஒன்று. இதைப் படித்துவிட்டு ஆவேசத்தில் இன்று ராத்திரியே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். தினமும் குடிக்கும் உடம்பு திடீரென்று மது கிடைக்காமல் போனால், கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சல், படபடப்பு, கடுமையான மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு கூடுதல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போனால், சில நாள் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்தவைப்பார்கள். வலிமையான மனசு இருந்தால் மருந்து வேண்டியதில்லை என்பது வலிப்பு விஷயத்தில் செல்லுபடியாகாது.

மூளைக்குள் நடந்தது என்ன?

உங்கள் மூளை கெட்டுப்போகவில்லை. எல்லா ஆரோக்கியமான மூளையும் செய்வதைத்தான் செய்திருக்கிறது. அது உங்களுக்கு எதிராகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து சாப்பாடு என்று திரும்பத் திரும்பப் பழக்கினால் பிறகு சத்தம் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும். பலருக்கும் நினைவில் நிற்காதது அதன் இரண்டாம் பாதி. சத்தம் மட்டும் கொடுத்து சாப்பாடு தராமல் விட்டால், எச்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிடும். மறந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி சத்தம் எழுப்பினால், யாரும் புதிதாகப் பழக்காமலே எச்சில் திரும்ப ஊறியது. அழிந்திருந்தால் திரும்பியிருக்காது என்பதைப் பாவ்லோவே கவனித்து எழுதினார்.

பட்டறை அமைதியானதும் உங்களுக்கு ஊறிய எச்சில் இதே வகைதான். 13 வருடமாகத் தறி நிற்கும் நேரம், சம்பளக் காசு, எண்ணெய் வாசனை, சுண்டல் பொட்டலம் இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கடைசியில் மதுவில் முடிந்திருக்கிறது. 1990களில் சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களில் இதை நேரடியாகப் பார்த்தார். முதலில் பழச்சாறு நாக்கில் பட்டபோது அந்தச் செல்கள் துடித்தன. பழகிய பிறகு, பழச்சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரிந்ததுமே துடித்தன, பழச்சாறுக்கு அடங்கிவிட்டன. எதிர்பார்த்த நேரத்தில் பழச்சாறு வராவிட்டால், செல்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. ‘நீ நினைத்தது வரவில்லை’ என்று மூளைக்குத் தெரிவிக்கும் சமிக்ஞை அது. எதிர்பார்ப்பைக் கைவிடக் கற்றுக்கொடுப்பது இந்த ஏமாற்றம்தான்.

ஆக, மூளை பாடத்தை அழிப்பதில்லை. பழைய பாடத்தின் மேல் ‘இங்கே, இப்போது அது வராது’ என்று இன்னொரு பாடத்தை எழுதுகிறது. முன்மூளையின் கீழ் நடுப்பகுதி இந்தப் புதுப் பாடத்தைத் தாங்கிப்பிடிக்கிறது. கொகைன் தேடுவதை விட்டிருந்த எலிகளுக்கு அந்தப் பகுதியைச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்ததும் அவை திரும்பவும் தேட ஆரம்பித்ததை 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பழைய பாடம் அடியில் முழுசாக இருந்திருக்கிறது.

நீதிமன்ற பாஷையில் சொன்னால், வழக்கு தள்ளுபடி ஆகவில்லை, தடையுத்தரவு மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். அந்தத் தடையுத்தரவு எந்த எல்லைக்குள் செல்லும் என்பதில்தான் உங்கள் கதை இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க் பௌட்டன் 1970களின் இறுதியிலிருந்து இதையே ஆராய்ந்தவர். ஒரு கூண்டில் எலியைப் பழக்குவார். வேறு வாசனை, வேறு தரை உள்ள இன்னொரு கூண்டில் அந்தப் பழக்கத்தை விடவைப்பார். எலி சுத்தமாக விட்டுவிடும். மறுபடி முதல் கூண்டுக்குள் விட்டால் பழைய நடத்தை திரும்பி வந்துவிடும். முதலில் கற்ற பாடம் எல்லா இடத்துக்கும் கூடவே வருகிறது. விடக் கற்ற பாடமோ கற்ற இடத்தோடு பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் குடிக்கப் பழகியது உங்கள் ஊரில். குடிக்காமல் இருக்கப் பழகியது மையத்திலும் அக்கா வீட்டிலும். அக்கா ஊர் டாஸ்மாக்கைத் தாண்டிப் போனபோது ஒன்றும் தோன்றாததற்குக் காரணம், அந்தக் கடையோடு உங்களுக்கு 13 வருடச் சரித்திரம் கிடையாது. அதை வைத்து ‘குணமாகிவிட்டேன்’ என்று நம்பியது உங்கள் தவறும் இல்லை. ஊருக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்று உங்களை எச்சரித்து, தயார் செய்து அனுப்பியிருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. நம் ஊரில் நிறைய சிகிச்சை மையத்தின் கேட்டோடு முடிந்துபோகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் சிகிச்சையின் கஷ்டமான பாதி அந்தக் கேட்டுக்கு வெளியேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே அந்த ஆறு மாதம் வீணாகவில்லை. அங்கே கற்ற பாடம் அப்படியே இருக்கிறது. அதைச் சொந்த ஊரின் சனிக்கிழமைக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை மட்டும் பாக்கி.

‘காலம் போனால் சரியாகிவிடும்’

90 நாள் விஷயத்துக்கு வருகிறேன். குடியை நிறுத்தினால் உடம்பும் மூளையும் தேறுவது உண்மை. தூக்கம், ஈரல், ஞாபகசக்தி எல்லாம் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் மேம்படும். ஆனால் குறிப்பிட்ட நாளில் எல்லாம் துடைத்துவிட்டதுபோல் ஆகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சொல்லப்போனால் நேர்மாறாகவும் நடக்கும். 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், கொகைனுக்குப் பழகிய எலிகளுக்கு அதை நிறுத்திய முதல் நாளைவிட, வாரங்கள் கழித்து அதோடு சேர்ந்த அடையாளங்களைக் காட்டியபோது தேடல் கூடுதலாக இருந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஒட்டவைக்க முடியாதுதான். இருந்தாலும், மாதக்கணக்கில் ஆசையே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று சரிந்தவர்களை என்னைப் போன்ற மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

உங்கள் விஷயத்தில் பழைய ஆசை ஒரு வழியாக மட்டும் வரவில்லை. காலம் கடந்தது ஒன்று. இடம் மாறியது இரண்டு. ஒரு கட்டிங் குடித்ததும், அந்த ருசியே பழைய பாடத்தைத் தட்டி எழுப்பியது மூன்று. அதன் பிறகு பத்தே நாளில் பழைய அளவுக்குப் போனீர்களே, அது நான்காவது: ஒருமுறை கற்றதை மறுபடி கற்க மூளைக்கு அதிக நாள் ஆவதில்லை. இதையெல்லாம் தனித்தனியாகவே ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். இடம் என்பதற்குள் உடம்பின் நிலையும் அடங்கும். பசி, அசதி, கோபம், கையில் காசு வந்த சந்தோஷம், இவையும் மூளைக்கு ஒரு ‘இடம்’தான். மத்தியானம் சரியாகச் சாப்பிட்டீர்களா, முந்தைய இரவு தூங்கினீர்களா என்று கடிதத்தில் இல்லை. அந்தச் சனிக்கிழமையை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

கட்டிங்குக்கும் மறுநாள் குவாட்டருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதையும் யோசியுங்கள். “எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற இந்த மனநிலையை 1985இலேயே ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் தனியாகப் பிரித்து எழுதினார். சறுக்கலைவிட, சறுக்கியதும் வரும் அவமானமும் ‘நான் இவ்வளவுதான்’ என்ற முடிவும்தான் ஆளை முழுசாகக் கவிழ்க்கின்றன. ஒரு தகவல் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை, போதைச் சிகிச்சைக்குப் பின் மறுபடி சறுக்குவோரை 40 முதல் 60 சதவீதம் என்று கணக்கிட்டது. ரத்த அழுத்த நோயாளிகளில் நோய் மறுபடி கட்டுமீறிச் சிகிச்சை தேவைப்படுவோர் 50 முதல் 70 சதவீதம். பி.பி. கூடிப்போனால் யாரும் தன்னை ‘உருப்படாதவன்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. மாத்திரையைச் சரிபார்க்கத்தான் போகிறார்கள்.

கடைவாசலில் நின்று பழகலாமா?

உங்கள் யோசனையில் பாதி சரி. அடையாளம் வந்து மது வராமல் போனால்தான் மூளை கற்கும் என்று மேலே சொன்னேன். எல்லாவற்றையும் தவிர்த்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் எதுவும் அழிவதுமில்லை, புதிதாக எழுதப்படுவதுமில்லை. ஆனால் தனியாக, சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே, சனிக்கிழமை மாலை, பையில் சம்பளத்தோடு கடைவாசலில் நிற்பது பயிற்சி ஆகாது. அன்று ஒரு கட்டிங் உள்ளே போனால் மூளை கற்பது ‘கொஞ்ச நேரம் பொறுத்தால் கிடைக்கும்’ என்பதை. அது இன்னும் மோசமான பாடம்.

மருத்துவமனை அறையில் மதுப் பாட்டிலைக் காட்டி ஆசையைக் குறைக்கும் முறையை மேல்நாடுகளில் நிறையப் பேர் செய்து பார்த்தார்கள். 2002இல் கான்க்ளின், டிஃப்பனி என்ற இருவர் அந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரிய பலன் இல்லை என்றார்கள். அறையில் கற்றது அறையோடு நின்றுவிடுகிறது என்பதை முக்கியமான காரணமாகச் சொன்னார்கள். ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, பத்திரமாக நிறுத்தி, மருந்து தொடங்கி, சில வாரம் ஆன பிறகு, உங்கள் ஆலோசகரோடு பேசி, நிஜ இடங்களில் படிப்படியாகப் பழகுவது.

முதல் படி பட்டறையிலேயே. முதலாளியிடம் பேசிச் சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், முடிந்தால் மனைவி கணக்குக்கு. சனிக்கிழமை நாலரை மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். தறி நின்றதும் எழுந்து ஓடாமல், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு டீயோடு அங்கேயே அரை மணி நேரம் உட்காருங்கள். எச்சில் ஊறும், நெஞ்சு படபடக்கும், கால் பரபரக்கும். அடக்க முயலாமல், எங்கே ஆரம்பிக்கிறது, எப்போது உச்சத்துக்குப் போகிறது, எப்போது இறங்குகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தணிய ஆரம்பிக்கும். தணிவதை உட்கார்ந்து பார்க்கும் அந்த நேரம்தான் ஷுல்ட்ஸின் குரங்குக்குப் பழச்சாறு வராமல் போன நேரம். சில வாரம் அது பழகிய பிறகு சுண்டல் வண்டி. அப்புறம் கல்யாண வீடு, சாவு வீடு, பொங்கல் லீவு. எத்தனை விதமான இடத்தில் கற்கிறீர்களோ அத்தனைக்கு அந்தப் பாடம் புது இடத்திலும் தாங்கும். கடைவாசல் இந்தப் பட்டியலிலேயே வேண்டாம்.

பௌட்டனின் இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாக உதவும். பழக்கத்தை விடவைத்த சமயத்தில் இருந்த ஓர் அடையாளத்தைப் பிறகு காட்டினால், பழைய நடத்தை திரும்புவது குறைந்தது. அக்கா வீட்டு ஆறு மாதத்திலிருந்து ஒன்றை இங்கே கொண்டுவாருங்கள். சனிக்கிழமை சரியாக ஆறு மணிக்கு அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, அந்த மளிகைக் கடையையும் கல்லாவையும் காட்டச் சொல்லுங்கள். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் உங்கள் மூளை குடிக்காமல் இருக்கக் கற்ற இடம் அது.

மாத்திரை, பொடி, ஆள் வைத்துத் தூக்குவது

கடிதத்தில் மருந்து பற்றி ஒரு வரிகூட இல்லை. மையத்தில் தரவே இல்லையா, நீங்கள் எழுத மறந்தீர்களா தெரியவில்லை. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. நால்ட்ரெக்ஸோன் மது தரும் கிறக்கத்தை மூளையில் மட்டுப்படுத்துகிறது. ஒருவேளை சறுக்கினாலும் எதிர்பார்த்த அந்தச் ‘சுகம்’ முழுசாக வராது. பழைய பாடத்துக்குத் தீனி குறைகிறது. ஈரல் பரிசோதனை செய்துதான் தருவார்கள். டிரமடால் போன்ற வலிமாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். எது உங்களுக்கு என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும்.

மாமியாரின் பொடி விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் இல்லை, மகளின் வாழ்க்கைக்காகத் தவிக்கிறார் அவர். விற்றவர்கள் மேல். இப்படி விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று எழுதியே இருக்காது. டைசல்ஃபிராம் கலந்திருக்கலாம். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பே தடுமாறலாம். உயிர் போன சம்பவங்களும் உண்டு. டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுபவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் சாப்பிட வேண்டியது. இன்றைக்கே அந்தப் பொட்டலத்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதை சார்ந்த பாதிப்புகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அதனால் அந்தச் சட்டம் தரும் உரிமைகள் உங்களுக்கும் உண்டு: என்ன சிகிச்சை என்று தெரிந்துகொண்டு சம்மதிப்பது, விவரங்கள் ரகசியமாக இருப்பது, அரசுச் செலவில் சிகிச்சை பெறுவது, கௌரவமாக நடத்தப்படுவது. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் தடை. சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கும் வழி இருக்கிறது, ஆனால் அது தம்பி போன் போட்டு வேன் வரவழைப்பது இல்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்து அதை உறுதிசெய்ய வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதல் முறை 30 நாளுக்கு மேல் வைக்க முடியாது. கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த நிலையில் இல்லை. உதவி கேட்டு நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு இதைச் சண்டையாக இல்லாமல் சொல்லுங்கள். அவனும் பயந்துபோய்த்தான் பேசுகிறான். ‘நானே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நீ கூட வா’ என்றால் பெரும்பாலும் அடங்கிவிடுவான்.

ஊரைவிட்டே போய்விடலாமா?

இதற்கு ஒரு பலமான சான்று உண்டு. வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே இருந்தபோது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் ஹெராயின் வகைப் போதைக்கு அடிமையாகியிருந்தார்கள். அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுதான். மூன்று ஆண்டில் 12 சதவீதம். யாருமே எதிர்பார்க்காத முடிவு அது. போதையோடு ஒட்டிய இடமும் ஆட்களும் பயமும் கடலுக்கு அப்பால் போய்விட்டன.

உங்கள் நிலை அவர்களுடையது இல்லை. அவர்கள் பழகிய இடத்தை நிரந்தரமாக விட்டு வந்தவர்கள். நீங்கள் வீட்டை விற்றுப் போனாலும் கல்யாணம், காரியம், கோயில் நோன்பு என்று வருடத்தில் பலமுறை இந்த ஊருக்கு வந்தே தீருவீர்கள். அப்போது பழகாத மூளையோடு வருவீர்கள். பிள்ளைகளின் படிப்பு, உங்கள் கைத்தொழில், மனைவியின் சொந்தபந்தம் எல்லாம் இங்கே. மளிகைக் கடை வேலையில் எவ்வளவு நாள் நிம்மதியாக இருப்பீர்கள் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் வீட்டை விற்கும் முடிவை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். சிகிச்சையின் முதல் இரண்டு மூன்று மாதம் அக்கா வீட்டில் தங்குவது நல்ல யோசனை, ஆனால் இந்த முறை மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது துணையோடு ஊருக்கு வந்து மேலே சொன்ன பயிற்சியைச் செய்துவிட்டுத் திரும்புங்கள். பட்டறை வேலையில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியும் என்றால் அதையும் கேளுங்கள்.

பழைய நினைவை அடியோடு அழிக்க ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2012இல் சீன விஞ்ஞானிகள், ஹெராயின் பழக்கம் இருந்தவர்களுக்கு அது சம்பந்தமான படத்தைச் சில நிமிடம் காட்டி நினைவைக் கிளறி, பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு விடும் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் ஆசை குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் பாதை, ஆனால் இன்னும் மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. ஒரே சிட்டிங்கில் போதை நினைவை அழிப்போம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

மனைவியிடம் என்ன சொல்வது?

‘இனி சத்தியமாகத் தொடமாட்டேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 13 வருடத்தில் அதை எத்தனை முறை கேட்டிருப்பார். அவர் பேசாமல் இருப்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆறு மாதம் நிம்மதியாக மூச்சுவிட்டவர், மறுபடி பழைய நாள் வந்துவிட்டது என்று உறைந்துபோயிருக்கிறார். அவரால் சரிபார்க்க முடிந்த விஷயங்களைச் சொல்லுங்கள்: எந்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள், சம்பளம் யார் கணக்குக்கு வரும், சனிக்கிழமை ஆறு மணிக்கு எங்கே, யாரோடு இருப்பீர்கள். கூட வர அவருக்கு மனம் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள், அக்காவைக் கூப்பிடுங்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. மனைவி விரும்பினால் போகட்டும், அது அவருக்காக.

திங்கட்கிழமை காலை ஓ.பி. நேரத்துக்குப் போய்விடுங்கள். அதுவரை தனியாக நிறுத்த முயல வேண்டாம். கை நடுக்கம், வியர்வை, குழப்பம் அதிகமானால் எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி எடுத்துப்போங்கள்: வலிப்பு எப்போது வந்தது, இப்போது தினமும் எவ்வளவு குடிக்கிறீர்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அந்த மூன்றாவது சனிக்கிழமையைப் பற்றி எனக்கு எழுதியதை அந்த மருத்துவரிடமும் அப்படியே சொல்லுங்கள். தறி நின்றதையும், சுண்டல் பொட்டலத்தையும் விடாமல் சொல்லுங்கள். சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று அவருக்கு அதில்தான் தெரியும்.